வேடிக்கை பார்ப்பது எப்படி?

தியேட்டரில் விளக்கை அணைத்துத் திரையில் ‘ஃபிலிம்ஸ் டிவிஷன்’ என்று போட்டதும் என்ன செய்வீர்கள், ஞாபகம் இருக்கிறதா? மெல்ல எழுந்து வெளியே போய் முறுக்கு வாங்குவீர்கள். உள்ளே ஒரு கனத்த குரல், அணைக்கட்டு பற்றியோ வெள்ள நிவாரணம் பற்றியோ கறுப்பு வெள்ளையில் சொல்லிக்கொண்டிருக்கும். அது முடிந்து மெயின் படத்தின் சென்சார் சர்டிஃபிகேட் வருகிற நேரத்துக்குச் சரியாக ஸீட்டில் வந்து உட்கார்ந்துவிடுவீர்கள். இந்த டைமிங்கை நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

‘டாகுமெண்டரி’ என்ற வார்த்தை நம்மில் பலருக்கு இப்படித்தான் அறிமுகமானது. கஷாயம் மாதிரி. உடம்புக்கு நல்லதுதான். ஆனால் யாராவது மூக்கைப் பிடித்து ஊற்றினால்தான் உள்ளே இறங்கும்.

அமெரிக்காவிலும் ரொம்ப நாள் இதே கதைதான். அந்தக் கஷாயத்தை ஜனங்கள் மாதா மாதம் காசு கொடுத்து, விரும்பிக் குடிக்கும்படி செய்த ஒரு பெண்மணியைப் பற்றி இந்த வாரம் சொல்லப்போகிறேன். பெயர் ஷீலா நெவின்ஸ். எச்.பி.ஓ. என்கிற கேபிள் சானலில் டாகுமெண்டரி பிரிவை முப்பது வருஷத்துக்கு மேல் கட்டி ஆண்டவர்.

‘யார் சார் அது? எனக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்?’ என்று கேட்கலாம். 2009 பிப்ரவரியில் ஆஸ்கர் மேடையில் ஏ.ஆர். ரஹ்மான் தமிழில் இறைவனைப் புகழ்ந்ததை டி.வி.யில் பார்த்துக் கண் கலங்கினீர்கள் அல்லவா? அதே இரவு, அதே மேடையில் இன்னொரு இந்தியக் கதைக்கும் ஆஸ்கர் கிடைத்தது. ‘ஸ்மைல் பிங்கி’. மேலுதடு பிளந்து பிறந்ததால் ஊர்ப் பிள்ளைகள் ஒதுக்கிவைத்த உத்தரப் பிரதேசத்துச் சிறுமிக்கு, வாரணாசி ஆஸ்பத்திரியில் இலவசமாக ஆபரேஷன் செய்து உதட்டைச் சேர்க்கிறார்கள். அவ்வளவுதான் கதை. மேகன் மைலன் எடுத்த குறும்படம். ரஹ்மான் சந்தோஷத்தில் பிங்கியை நாம் கவனிக்கவில்லை. அமெரிக்காவில் அதை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது எச்.பி.ஓ. பிங்கியின் முகத்தை ஒரு நிமிஷத்துக்கு மேல் பார்க்க முடியாமல் திரும்பிக்கொள்கிற ஆட்களை, அரை மணிக்கு மேல் உட்காரவைத்துப் பார்க்க வைப்பது சாதாரண வேலை இல்லை.

இந்த அம்மாள் அந்த வேலைக்கு எப்படி வந்தார்?

1939இல் நியூயார்க்கில் பிறந்தார். அப்பா தபால் இலாகாவில் வேலை. அம்மாவுக்கு ரத்த ஓட்டம் சம்பந்தமான கொடிய நோய். அது உடலையே சிதைத்துவிட்டது. மகள் அம்மாவோடு தெருவில் நடந்து போனால், போகிறவர் வருகிறவர் எல்லாம் திரும்பித் திரும்பிப் பார்ப்பார்கள். நம் ஊர் பாஷையில் சொன்னால், வேடிக்கை பார்ப்பார்கள். இந்தப் பார்வையைச் சின்ன வயசிலேயே பக்கத்தில் நின்று அனுபவித்தவர் நெவின்ஸ். பிற்காலத்தில் அவர் செய்த வேலை முழுவதும் அந்தத் தெருவிலிருந்துதான் ஆரம்பிக்கிறது என்பது என் கட்சி. ‘பார்க்கிறீர்களா? பாருங்கள். ஆனால் கொஞ்சம் நின்று, கடைசி வரைக்கும் பாருங்கள்’ என்று ஜனங்களிடம் சொன்னது மாதிரி.

படித்தது பர்னார்ட் கல்லூரியில் ஆங்கிலம். அப்புறம் யேல் பல்கலைக்கழகத்தில் நாடக இயக்கம், 1963இல் முடித்தார். நாடகம் என்றால் சாயங்காலமும் சனி ஞாயிறும்தான் வேலை. அந்த நேரத்தில் மனைவி வீட்டில் இருக்க வேண்டும் என்றார் முதல் கணவர். அமெரிக்காவில்தான். அதனால் நாடகக் கனவை மூட்டை கட்டிவிட்டுப் பகல் நேர வேலை தேடி, வாஷிங்டனில் அரசாங்கத் தகவல் இலாகாவில் சேர்ந்தார். பிறகு பொதுத் தொலைக்காட்சியில் ஆராய்ச்சி உதவியாளர், தெருவில் மைக்கை நீட்டிக் கருத்துக் கேட்பவர், குழந்தைகள் நிகழ்ச்சிக்கு எழுதுபவர், செய்தி இதழில் துண்டுப் படங்கள் தயாரிப்பவர் என்று பல ஜோலிகள். 1979இல் எச்.பி.ஓ.வில் டாகுமெண்டரி டைரக்டர் வேலை. ஒப்பந்தம் 13 வாரம்!

நடுவில் சில வருஷம் விலகிச் சொந்தக் கம்பெனி நடத்திவிட்டு 1986இல் திரும்பினார். 2004இல் அந்தப் பிரிவுக்கே தலைவர். 2018 ஆரம்பத்தில் வெளியே வரும்போது கணக்கில் ஆயிரத்துக்கு மேல் படங்கள், முப்பதுக்கு மேல் எம்மி விருதுகள், இருபதுக்கு மேல் ஆஸ்கர் வாங்கிய படங்கள். 13 வாரம் கொஞ்சம் நீண்டுவிட்டது.

இங்கே எச்.பி.ஓ.வின் வியாபாரத்தைக் கொஞ்சம் புரிந்துகொள்ள வேண்டும். நம் வீட்டில் 2000 முதல் 2020 வரை வந்த எச்.பி.ஓ. வேறு. அது சோப்பு விளம்பரங்களுக்கு நடுவே இங்கிலீஷ் சினிமா காட்டியது. அமெரிக்க எச்.பி.ஓ.வில் விளம்பரமே கிடையாது. 1972 நவம்பரில் பென்சில்வேனியாவில் வில்க்ஸ்-பேர் என்ற சின்ன ஊரில் 365 சந்தாதாரர்களோடு ஆரம்பித்த சானல். சந்தாதான் வருமானம்.

வித்தியாசம் என்ன? விளம்பர சானல், பார்ப்பவரைக் கம்பெனிக்காரரிடம் விற்கிறது. ஆகவே எல்லாரும் பார்க்க வேண்டும், யாரும் முகம் சுளிக்கக் கூடாது. சந்தா சானலுக்கு அந்தக் கவலை இல்லை. எல்லாரும் எல்லாவற்றையும் பார்க்க வேண்டியதில்லை. மாசக் கடைசியில் பில் கட்டும்போது ஒவ்வொருத்தரும் ‘இந்த ஒரு புரோகிராமுக்காகவாவது இருந்துவிட்டுப் போகட்டும்’ என்று நினைத்தால் போதும். ஒருவருக்கு அது குத்துச்சண்டை. இன்னொருவருக்கு சினிமா. மூன்றாவது ஆளை டாகுமெண்டரி மூலம் பிடிக்கலாம் என்று நிரூபித்தவர் நெவின்ஸ். எய்ட்ஸ் என்ற வார்த்தையைச் சொல்லவே பயந்த காலத்தில், இறந்தவர்களின் பெயர்களைத் துணியில் தைத்து ஒட்டுப்போட்ட மாபெரும் போர்வை பற்றி 1989இல் ‘காமன் த்ரெட்ஸ்’ வந்ததென்றால், அதற்கு இந்தச் சந்தா தந்த தைரியமும் ஒரு காரணம். அடுத்த வருஷம் அதற்கு ஆஸ்கர்.

சரி, இதெல்லாம் புண்ணியக் கணக்கு. மறு பக்கத்தையும் பார்த்துவிடலாம்.

1990இல் ‘ரியல் செக்ஸ்’ என்று ஒரு தொடர் ஆரம்பித்தார். பெயரே விஷயத்தைச் சொல்லிவிடுகிறது. விவரம் கேட்காதீர்கள், இது குடும்பங்கள் படிக்கிற பத்திரிகை. 2009 வரை, ராத்திரி நேரத்தில் அவ்வப்போது வந்துகொண்டிருந்தது. எய்ட்ஸ் போர்வைக்கு ஆஸ்கர் வாங்கிய அதே வருஷம், அதே பிரிவிலிருந்து! ‘அதைக் காட்டிச் சம்பாதித்து இதை எடுக்கிறார்கள்’ என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். ஒரு கையில் உண்டியல், மறு கையில் சூதாட்டம் என்கிற மாதிரி. பலரும் அப்படித்தான் சொன்னார்கள்.

எனக்கு அது முழு உண்மையாகப் படவில்லை. இரண்டுக்கும் மூலப்பொருள் ஒன்றுதான்: அடுத்த வீட்டு ஜன்னலில் என்ன நடக்கிறது என்ற ஆசை. நெவின்ஸ் அந்த ஆசையைக் கேவலமாக நினைக்கவில்லை. அதை மறைக்கவும் இல்லை. பொதுத் தொலைக்காட்சிக்காரர்கள் ‘உங்கள் அறிவை வளர்க்கிறோம்’ என்று வந்தபோது, இவர் ‘வாங்க, வேடிக்கை பார்க்கலாம்’ என்று கூப்பிட்டார். உள்ளே வந்தவர்களில் பாதிப் பேருக்கு வேறு ஏதோ கிடைத்தது.

1995இல் வந்த ‘டாக்ஸிகேப் கன்ஃபெஷன்ஸ்’ இதற்கு நல்ல உதாரணம். நியூயார்க் டாக்ஸிக்குள் சின்னஞ்சிறு காமிராக்களை ஒளித்துவைத்தார்கள். டிரைவர் சும்மா பேச்சுக் கொடுப்பார். ராத்திரி இரண்டு மணிக்கு ஏறுகிற ஜனங்கள், இனிமேல் பார்க்கவே போகாத ஒரு டிரைவரிடம் கொட்டித் தீர்ப்பார்கள். இறங்கும்போதுதான் விஷயத்தைச் சொல்லிக் கையெழுத்துக் கேட்பார்கள். கையெழுத்துப் போட்டவர்கள் மட்டும்தான் படத்தில். வம்பு பேச்சுக்காகப் பார்க்க உட்காருவீர்கள். திடீரென்று ஒருவர் செத்துப்போன நண்பனைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார். கையில் இருக்கிற காபி ஆறிவிடும்.

வேடிக்கை எந்த நிமிஷத்தில் பார்வையாக மாறுகிறது? நெவின்ஸ் தேர்ந்தெடுத்த நல்ல படங்கள் எல்லாம் அந்த நிமிஷத்துக்காகக் காத்திருக்கின்றன. கெட்ட படங்கள் காத்திருக்காமல் கட் பண்ணிவிடுகின்றன.

இதற்கு உச்சமான உதாரணம் ஒரு கொலை வழக்கு. 1993 மே மாதம், ஆர்கன்ஸா மாநிலத்தில் வெஸ்ட் மெம்ஃபிஸ் என்ற ஊரில் எட்டு வயசுப் பையன்கள் மூன்று பேர் கொல்லப்பட்டார்கள். உள்ளூர் இளைஞர்கள் மூன்று பேரைப் போலீஸ் பிடித்தது. பேப்பரில் வந்த இந்தச் செய்தியைப் படித்த நெவின்ஸ், ஜோ பெர்லிஞ்சர், புரூஸ் சினோஃப்ஸ்கி என்ற இரண்டு டைரக்டர்களிடம் கொடுத்து ‘போய்ப் பாருங்கள்’ என்று அனுப்பினார். ஊர் சொன்னதை நம்பித்தான் அவர்களும் போனார்கள். பையன்கள் ஏன் இப்படிக் கெட்டுப்போகிறார்கள் என்று எடுப்பதாகத் திட்டம். அங்கே போய்க் காமிராவை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் உட்கார்ந்தபோது சந்தேகம் வந்தது. முக்கியக் குற்றவாளி என்று சொல்லப்பட்ட டேமியன் எக்கல்ஸ் கறுப்புச் சட்டை போட்டான், மெட்டாலிகா கேட்டான், மந்திர தந்திரப் புஸ்தகம் படித்தான். உடலைத் தொட்டுப் பேசுகிற தடயம் எதுவும் இல்லை. ஆனால் 1994இல் எக்கல்ஸுக்கு மரண தண்டனை, மற்ற இருவருக்கு ஆயுள்.

‘பாரடைஸ் லாஸ்ட்’ என்ற அந்தப் படம் 1996இல் வந்தது. மெட்டாலிகா குழு தங்கள் இசையைப் பயன்படுத்திக்கொள்ள அனுமதித்த முதல் படம். பார்த்தவர்கள் கொதித்தார்கள். 2000இல் இரண்டாம் பாகம். 2011இல் மூன்றாவது. நன்கொடை சேர்ந்து, பெரிய வக்கீல்கள் வந்து, டி.என்.ஏ. சோதனை நடந்து, 2011 ஆகஸ்ட் 19 அன்று மூன்று பேரும் வெளியே வந்தார்கள். 18 வருஷம் கழித்து. அதுவும் ‘நாங்கள் நிரபராதிகள்தான், ஆனால் அரசிடம் எங்களுக்கு எதிராகச் சாட்சியம் இருப்பதை ஒப்புக்கொள்கிறோம்’ என்கிற விசித்திரமான சட்ட ஏற்பாட்டில். படம் இல்லையென்றால் எக்கல்ஸ் இன்று இருப்பாரா என்பது சந்தேகம். ஒரு சானல் அதிகாரி பேப்பர் படித்ததால் ஒருவர் உயிரோடு இருக்கிறார். இதைவிடப் பெரிய எம்மி எதுவும் இல்லை.

இதோடு நிறுத்திவிட்டால் இது பாராட்டுப் பத்திரம் ஆகிவிடும். விமர்சனம் என்று ஆரம்பித்துவிட்டேனே.

அதே தொடரின் இரண்டாம் பாகத்தைக் கவனியுங்கள். மூன்று பேர் குற்றவாளிகள் இல்லையென்றால் யார்? படம் தன் காமிராவை, இறந்த பையன்களில் ஒருவனின் வளர்ப்புத் தந்தை பக்கம் திருப்பியது. ஆள் முரட்டு மனிதர், ஆவேசமாகப் பேசுவார், காமிராவுக்கு முன்னால் நாடகம் ஆடுவார். அவருடைய தோற்றமே அவருக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. கறுப்புச் சட்டையைப் பார்த்துத் தீர்ப்பு எழுதிய ஊரைக் கண்டித்த படம், அதே தப்பைத் தானும் செய்தது! அவர்மேல் எந்த வழக்கும் வரவில்லை. பின்னாளில் அவரே ‘அந்த மூன்று பேரும் நிரபராதிகள்’ என்று சொல்ல ஆரம்பித்தார். நியாயத்துக்காகக் கிளம்பின காமிராவும் வேடிக்கையில் வழுக்கி விழும்.

இன்னொன்று. 2015இல் ‘தி ஜின்க்ஸ்’. நியூயார்க் கோடீஸ்வரர் ராபர்ட் டர்ஸ்ட் பற்றிய ஆறு பாகத் தொடர். கடைசிப் பாகத்தின் கடைசி நிமிஷத்தில் டர்ஸ்ட் பாத்ரூம் போகிறார், சட்டையில் மைக் இருப்பதை மறந்துவிடுகிறார். ‘நான் என்னதான் செய்துவிட்டேன்?’ என்று தனக்குத்தானே கேட்டு, ‘எல்லாரையும் கொன்றேன்’ என்று பதிலும் சொல்லிக்கொள்கிறார். திரை கறுப்பாகிறது. உலகமே சிலிர்த்தது. அந்தப் பாகம் ஒளிபரப்பாவதற்கு முந்தின நாள்தான் அவரைக் கைது செய்திருந்தார்கள்.

நாலு வருஷம் கழித்து, 2019இல், வழக்குக்காக முழு ஒலிப்பதிவின் எழுத்து வடிவம் வெளிவந்தது. பார்த்தால், அந்த இரண்டு வாக்கியங்களும் அடுத்தடுத்து வரவே இல்லை. கொன்றேன் என்ற புலம்பல் முன்னால் வருகிறது. என்ன செய்தேன் என்பது பல வாக்கியங்கள் தள்ளிப் பின்னால் வருகிறது. கேள்வி பதில் என்ற அமைப்பு எடிட்டிங் மேசையில் பிறந்தது. டர்ஸ்ட் குற்றவாளிதான், 2021இல் கோர்ட் சொல்லிவிட்டது, 2022 ஜனவரியில் ஜெயில்வாசத்திலேயே இறந்தும் போனார். ஆனால் அதனால் கத்தரிக்கோல் நியாயமாகிவிடுமா? நாளைக்கு ஒரு நிரபராதியின் முணுமுணுப்பையும் இதே மாதிரி ஒட்டலாமே? வெட்டி ஒட்டியவர்கள் டைரக்டரும் எடிட்டரும்தான். கையெழுத்துப் போட்டு ஒளிபரப்பிய பிரிவின் தலைவர் நெவின்ஸ். புகழில் பங்கு உண்டென்றால் பழியிலும் பங்கு உண்டு.

கிழக்கே வந்து எடுத்த படங்களிலும் இந்த இரட்டைத்தன்மை தெரிகிறது. கொல்கத்தாவின் சோனாகாச்சியில் பாலியல் தொழிலாளர்களின் குழந்தைகள் கையில் காமிரா கொடுத்து எடுத்த ‘பார்ன் இன்டு பிராத்தல்ஸ்’ 2005இல் ஆஸ்கர் வாங்கியது. எச்.பி.ஓ.வுக்கும் அதில் பங்கு. அழகான படம். ஆனால் குழந்தைகளைக் காப்பாற்ற வெள்ளைக்காரப் பெண் வருகிறாள், அம்மாக்கள் எல்லாம் திட்டிக்கொண்டே இருக்கிறார்கள். அந்த அம்மாக்களோடு வருஷக்கணக்காக அங்கேயே வேலை செய்த உள்ளூர்க்காரர்கள் படத்தில் காணோம் என்று கொல்கத்தாவில் ஆட்சேபித்தார்கள். நியாயமான ஆட்சேபணை.

பத்து வருஷம் கழித்து நிலைமை மாறியிருந்தது. ஷர்மீன் ஒபைத்-சினாய் என்ற பாகிஸ்தான் பெண்மணி தன் நாட்டுக் கதையைத் தானே எடுத்தார், எச்.பி.ஓ. துணை நின்றது. ‘எ கேர்ள் இன் தி ரிவர்’. காதலித்துக் கல்யாணம் செய்துகொண்ட பெண்ணை அப்பாவும் சித்தப்பாவும் சுட்டு, சாக்கில் கட்டி ஆற்றில் போடுகிறார்கள். அவள் பிழைத்துவிடுகிறாள். ஊர்ப் பெரியவர்கள் வற்புறுத்த, கோர்ட்டில் அப்பாவை மன்னிக்கிறாள். மன்னித்தால் விடுதலை என்பது அங்கே அன்றைய சட்டம். 2016இல் பிரதமர் நவாஸ் ஷெரீஃப் தன் அலுவலகத்தில் படத்தைத் திரையிட்டார், ஆஸ்கர் வந்தது, அக்டோபரில் சட்டத்தைத் திருத்தி அந்த ஓட்டையை அடைத்தார்கள். படம் மட்டுமே காரணம் இல்லை. அந்த ஜூலையில் கந்தீல் பலோச் என்ற பிரபலமான பெண்ணை அவள் அண்ணன் தம்பியில் ஒருவனே கொன்றது நாட்டை உலுக்கியிருந்தது. ஆனால் படத்துக்கும் பங்கு உண்டு. கௌரவக் கொலை என்று படிக்கும்போது நமக்கு ஞாபகம் வருகிற ஊர்கள் பாகிஸ்தானில் மட்டுமா இருக்கின்றன?

நெவின்ஸ் வெளியே வந்த அதே 2018இல் ஏடி அண்ட் டி என்ற டெலிபோன் கம்பெனி, எச்.பி.ஓ.வின் தாய்க் கம்பெனியையே வாங்கியது. அவர் வயசு எழுபத்தெட்டு. பேரக் குழந்தைகளைக் கொஞ்சப் போவார் என்று பார்த்தால், 2019இல் எம்.டி.வி.யில் புதிதாக ஒரு டாகுமெண்டரி பிரிவு தொடங்கச் சேர்ந்துவிட்டார்.

இதற்குள் அவர் காட்டிய வழியில் ஒரு கூட்டமே புறப்பட்டிருந்தது. இன்று எந்த ஓ.டி.டி.யைத் திறந்தாலும் கொலை, மோசடி, காணாமல் போன மனைவி என்று ஆறு பாகம், எட்டு பாகம். ஒவ்வொரு பாகம் முடியும்போதும் ஒரு கொக்கி. பாதிக்கப்பட்டவர்கள் பெயர்கூட முடிவில் ஞாபகம் இருப்பதில்லை. கொலைகாரன் பெயர் மட்டும் இருக்கிறது. கஷாயத்தில் சர்க்கரை போட்டது நெவின்ஸ். வந்தவர்கள் கஷாயத்தையே எடுத்துவிட்டுச் சர்க்கரையை மட்டும் விற்கிறார்கள்.

கதையில் கடைசியாக ஒரு திருப்பம். 2023இல் டி.வி.யில் ஃப்ளோரிடா மாநிலத்துப் பள்ளிக்கூட வாரியக் கூட்டம் ஒன்றைப் பார்க்கிறார். கிரேஸ் லின் என்று நூறு வயசுப் பாட்டி எழுந்து நிற்கிறார். பள்ளி நூலகத்திலிருந்து புத்தகங்களை எடுக்காதீர்கள் என்று பேசுகிறார். கையில், தடை செய்யப்பட்ட புத்தகங்களின் அட்டைகளைத் தானே தைத்த ஒட்டுப்போர்வை. நெவின்ஸ் இந்த முறை பேப்பரைக் கத்தரித்து வேறு யாரிடமும் கொடுக்கவில்லை. தானே கிளம்பினார். ‘தி ஏபிசிஸ் ஆஃப் புக் பேனிங்’ என்ற 27 நிமிஷக் குறும்படம். தங்களிடமிருந்து பறிக்கப்பட்ட புத்தகங்களைப் பற்றிப் பள்ளிப் பிள்ளைகள் காமிராவைப் பார்த்துப் பேசுகிறார்கள். மேதாவிகள் யாரும் விளக்கவில்லை. 2024இல் ஆஸ்கர் நாமினேஷன் கிடைத்தது. பரிசு வேறு படத்துக்குப் போய்விட்டது. நாடகம் இயக்கப் படித்து, சாயங்காலம் வீட்டுக்கு வந்தாக வேண்டும் என்பதால் விட்டுக்கொடுத்த டைரக்டர் நாற்காலியில், 84 வயசில் உட்கார்ந்துவிட்டார்.

1989இல் ஒரு ஒட்டுப்போர்வை, 2023இல் ஒரு ஒட்டுப்போர்வை. இரண்டுமே சாதாரண ஜனங்கள் சொந்தக் கையால் தைத்தவை. நெவின்ஸின் ஆயிரம் படங்களில் எத்தனை நிற்கும் என்று என்னைக் கேட்டால், இந்த மாதிரி, மனிதர்கள் தங்கள் கதையைத் தாங்களே சொல்ல விட்டவை நிற்கும். அவர்கள் வாயில் வார்த்தையை எடிட் செய்து வைத்தவை உதிர்ந்துவிடும்.

அடுத்த தடவை ஓ.டி.டி.யில் உண்மைக் கதை ஏதாவது பார்க்க உட்கார்ந்தால், முடிந்ததும் உங்களையே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். இந்த ஆள் நம் தெருவில் எதிரே வந்தால், நின்று ரெண்டு வார்த்தை பேசுவோமா, திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போவோமா?

பேசுவோம் என்றால் படம் நல்ல படம்.